செடிச் சாறும் அட்ரீனல் செல்லும்: உதவியவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புடையீர்,

செடிகளில் இருக்கும் நுண்ணுயிர் எதிர்ப்புப் பொருள்கள் சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அட்ரீனல் சுரப்பியின் செல்களை என்ன செய்கின்றன என்று பார்க்கும் எங்கள் ஆய்வு முடிந்துவிட்டது. ஆய்வேடும் ஏற்கப்பட்டது. அதில் நன்றி சொல்ல ஒரு பக்கம்தான் தந்தார்கள். பெயர்களை அடுக்க அது போதும். யார் என்ன செய்தார்கள் என்று சொல்லப் போதாது. அதற்காகத்தான் இந்த மடல்.

"கிருமியைக் கொல்லும் செடிக்கும் ஹார்மோன் சுரக்கும் கட்டிக்கும் என்ன சம்பந்தம்?" என்று எங்களைக் கேட்காதவர்களே இல்லை. அந்தச் சம்பந்தத்தை முதலில் காட்டியவர் எங்கள் நெறியாளர். ஸ்ட்ரெப்டோசோடோசின் கதையிலிருந்துதான் அவர் தொடங்குவார். மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவிலிருந்து ஆன்டிபயாடிக்காகக் கண்டெடுத்த பொருள் அது. கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை அது அழிக்கிறது என்று பிறகு தெரியவந்தது. 1982-ல் அமெரிக்காவில் கணையத்தின் அரிய ஹார்மோன் கட்டிகளுக்கு மருந்தாக அனுமதி பெற்றது. கீட்டோகொனசோலும் அப்படித்தான். பூஞ்சைத் தொற்றுக்கு வந்த மாத்திரை, அட்ரீனலில் கார்டிசால் என்ற ஹார்மோன் உருவாவதைத் தடுப்பதும் தெரிந்தது. கல்லீரலுக்கு ஆபத்து என்று 2013-ல் ஐரோப்பிய மருந்து முகமை பூஞ்சைத் தொற்றுக்கு அந்த மாத்திரையை நிறுத்தச் சொன்னது. அதே மருந்துக்கு 2014-ல், கார்டிசால் மிகையாகச் சுரக்கும் குஷிங் நோய்க்குறிக்காக அங்கேயே அனுமதி கிடைத்தது. "கிருமிக்கு என்று எடுத்த பொருள் ஹார்மோனையும் தொடும். தொடுகிறதா என்று பார்க்காமல் செடிச் சாற்றை மருந்து என்று சொல்லாதே" என்பார் அவர். எங்கள் ஆய்வின் மொத்தக் கேள்வியும் அந்த ஒரு வரிதான். ஐயா, அந்த வரிக்கு நன்றி.

அடுத்து, உலர்தாவரச் சேகரிப்பைப் பார்த்துக்கொள்ளும் அம்மா. நாங்கள் கொண்டுபோன செடிகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, காகிதத்தில் ஒட்டி, எண் கொடுத்து வைத்தவர். பூ இல்லாத கிளையைக் கொடுத்தால், "பூ வரட்டும், அப்புறம் பெயர் சொல்கிறேன்" என்று திருப்பித் தந்துவிடுவார். காத்திருப்பது கஷ்டமாக இருந்தாலும் காரணம் எங்களுக்குப் புரிந்தது. செடியின் பெயர் ஐயமாக இருந்தால் அதற்குப் பின்னால் வரும் அளவீடுகள் அத்தனையும் ஐயம்தான். இன்னொருவர் நாளை எங்கள் முடிவைச் சோதிக்க விரும்பினால், அந்த எண்ணைச் சொல்லி அதே செடியை எடுத்துப் பார்க்கலாம்.

நுண்ணுயிரியல் ஆய்வகத்தின் அக்காவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். செடிச் சாறு ஆய்வுகளில் மிகச் சுலபமாகக் கிடைப்பது நம்பிக்கையூட்டும் பொய் முடிவு. கிருமி வளரும் தட்டில் சாற்றில் நனைத்து வைத்த காகித வில்லையைச் சுற்றிக் கிருமி வளராத பெரிய வட்டம் விழுந்தால் சாறு வலுவானது என்று சொல்லத் தோன்றும். ஆனால் அந்த வட்டம், தட்டில் உள்ள அகார் என்ற கூழுக்குள் சாறு எவ்வளவு பரவியது என்பதையும் பொறுத்தது. நீரில் கரையாத நல்ல பொருள் பரவாமல் சின்ன வட்டம் போடும். சுமாரான பொருள் நன்றாகப் பரவிப் பெரிய வட்டம் போடும். அதனால் வட்டத்தை முதல் சலிப்புக்கு மட்டுமே அக்கா ஒப்புக்கொள்வார். 96 குழித் தட்டில் சாற்றைப் படிப்படியாகப் பாதிப் பாதியாக நீர்க்க வைத்து, கிருமி வளராத மிகக் குறைந்த அளவு எது என்று கண்ட பிறகுதான் பேசவே விடுவார்.

அதிலும் ஒரு சிக்கல் உண்டு. உயிருள்ள கிருமி இருந்தால் ரெசசூரின் சாயம் நீலத்திலிருந்து இளஞ்சிவப்பாக மாறும். ஆனால் செடியிலுள்ள பாலிபீனால் என்ற வேதிப்பொருள்கள் சிலவும் கிருமியே இல்லாமல் அந்த நிறத்தை மாற்றிவிடும். ஆகவே ஒவ்வொரு தட்டிலும் கிருமி போடாத, சாறு மட்டும் உள்ள குழிகள் இருந்தே ஆக வேண்டும் என்பது அக்காவின் சட்டம். சாற்றைக் கரைக்கும் டிஎம்எஸ்ஓ மட்டும் உள்ள குழிகளும் வேண்டும். அந்தக் கரைப்பானும் அளவு கூடினால் கிருமியை அடக்கும். பெரும்பாலான சாறுகள் இந்தக் குழிகளிலேயே தோற்றன. எஞ்சியவற்றிலும் பல ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியாவை அடக்கின, ஈ.கோலை என்ற பாக்டீரியாவின் வெளிச்சவ்வைத் தாண்ட முடியவில்லை. அது எங்களுக்குச் சோர்வாக இருந்த காலம். "தோற்றதையும் அதே கையெழுத்தில் எழுது" என்று அக்கா நோட்டைத் தள்ளி வைப்பார். அவர் பெயர் எங்கள் கட்டுரையில் ஆசிரியர் வரிசையிலேயே இருக்கிறது. இருக்க வேண்டிய இடமும் அதுதான்.

செல் வளர்ப்புக்கூடத்து அண்ணன் எங்களுக்காக எச்295ஆர் என்ற மனித அட்ரீனல் கட்டிச் செல்களை வளர்த்துக் கொடுத்தார். மெதுவாக வளரும், அவசரப்படுத்தினால் அடம்பிடிக்கும் செல்கள் அவை. விடுமுறை நாள்களிலும் வந்து செல்களின் ஊட்டத் திரவத்தை மாற்றிய அந்தப் பொறுமைக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. ஒவ்வொரு தட்டிலும் இரண்டு ஒப்பீடுகள் வைக்க வேண்டும்: ஹார்மோன் உற்பத்தியைத் தூண்டும் ஃபோர்ஸ்கோலின், அதைத் தடுக்கும் புரோகுளோராஸ். முன்னது மருந்துக் கூர்க்கன் கிழங்கில் கிடைப்பது, பின்னது பூஞ்சைக்கொல்லி. அதாவது செடிப்பொருளும் நுண்ணுயிர்க்கொல்லியும் இந்தச் சோதனைக்குள் ஏற்கெனவே அளவுகோல்களாக உட்கார்ந்திருக்கின்றன! அண்ணன் இதைச் சொன்ன அன்று எங்கள் கேள்வி சரியான இடத்தில்தான் நிற்கிறது என்ற தெம்பு வந்தது. செல் செத்துப்போனால் கார்டிசால் தானாகவே குறையும், அதைத் தடுப்பு என்று எழுதக் கூடாது என்பதையும் அவர் விடாமல் சொல்வார். உயிர்ப்பு அளவு குறைந்த குழிகளை நாங்கள் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

இந்த எச்295ஆர் செல்களின் மூலம் 1980-ல் ஒரு பெண்ணின் அட்ரீனல் புறணியில் (சுரப்பியின் வெளி அடுக்கில்) வந்த புற்றுநோயிலிருந்து எடுக்கப்பட்ட கட்டி. பத்து லட்சம் பேரில் ஆண்டுக்கு ஒருவர் அல்லது இருவருக்கு மட்டும் வரும் நோய் அது. அவர் யார் என்று எங்களுக்குத் தெரியாது. இப்போது உலகெங்கும், புதிய வேதிப்பொருள்கள் மனித ஹார்மோனைக் குலைக்கின்றனவா என்று பார்க்க அவருடைய செல்களைத்தான் பயன்படுத்துகிறார்கள். எங்கள் ஒவ்வொரு அளவீடும் அவருக்குக் கடன்பட்டது. இந்த மடலில் அவருக்குத்தான் முதலில் எழுத நினைத்தேன். ஆனால் செல் என்ன செய்கிறது என்று சொல்லிவிட்டு எழுதினால்தான் அந்தக் கடனின் அளவு தெரியும் என்று தோன்றியது.

அறுவைச் சிகிச்சையில் அகற்றிய கட்டியின் ஒரு துணுக்கை எங்களுக்குத் தந்தவர்களும் இருக்கிறார்கள். "இந்த ஆய்வால் உங்களுக்கு நேரடிப் பயன் இல்லை" என்று ஒப்புதல் படிவத்தில் தெளிவாக அச்சிட்டிருக்கிறது. அதைப் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார்கள். அவர்களில் ஓர் அம்மாவுக்கு முகம் உருண்டு, தோல் மெலிந்து, படியேறத் தொடையில் வலு இல்லாமல் போயிருந்தது. எல்லாம் கார்டிசால் செய்த வேலை. ஆனால் சாப்பாட்டைக் குறைக்கச் சொல்லியே அவரைப் பல ஆண்டுகள் அனுப்பியிருக்கிறார்கள். தரவுகளை மற்ற மருத்துவமனைகளோடு பகிரலாமா என்ற கேள்விக்கு எதிரே அவரே பேனாவை வாங்கி 'ஆம்' என்று குறித்தார். இதைக் கட்டாயம் செய்யுங்கள் என்றும் சொன்னார். இவ்வளவு அரிய கட்டியை எந்த ஒரு மருத்துவமனையும் தனியாக நிறையப் பார்த்துவிட முடியாது. நான்கைந்து இடங்கள் சேர்ந்தால்தான் ஒப்பிடவே ஆள் தேறும். அம்மா, உங்கள் விருப்பப்படியே பகிர்ந்திருக்கிறோம்.

அந்தத் துணுக்குகளை வாங்கிக் குறிச்சீட்டு ஒட்டி, பனிக்கட்டியில் வைத்து, ஓடிவந்து சேர்த்த செவிலியர்களுக்கும் நோய்க்குறியியல் பிரிவினருக்கும் நன்றி. நிறை நிறமாலைமானியில் (மூலக்கூறுகளை நிறையை வைத்து அடையாளம் காணும் கருவியில்) கார்டிசாலை அளந்து தந்த நண்பர்களுக்கும் நன்றி. எதிர்ப்பொருளை (ஆன்டிபாடியை) கொண்டு அளக்கும் கிட்டைச் செடிப்பொருள்கள் குழப்பிவிடலாம் என்பதால் அவர்கள் உதவி இல்லாமல் எங்களுக்கு வழியே இல்லை. உதவித்தொகை தந்தவர்களுக்கும் நன்றி.

நாளமில்லாச் சுரப்பி மருத்துவர் ஒருவர் வாரந்தோறும் எங்களுக்காக நேரம் ஒதுக்கினார். அதிமதுரத்தைப் பற்றி அவர் நடத்திய பாடத்தை என்னால் மறக்க முடியாது. அதிமதுரத்தில் கிருமியை அடக்கும் பொருள்கள் இருக்கின்றன என்று நாங்கள் உற்சாகமாகச் சொன்னோம். அவர் அதிலுள்ள கிளைசிரைசினைப் பற்றிச் சொன்னார். சிறுநீரகத்தில் கார்டிசாலைச் செயலிழக்க வைக்கும் ஒரு நொதியை அது தடுக்கிறது. அப்போது கார்டிசால், உடலில் உப்பைத் தேக்கி வைக்கும் ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன் செய்யும் வேலையைத் தானே செய்யத் தொடங்கும். இரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் இறங்கும். பார்த்தால் ஆல்டோஸ்டிரோன் சுரக்கும் அட்ரீனல் கட்டி போலவே இருக்கும். ஆனால் இரத்தத்தில் ஆல்டோஸ்டிரோன் குறைவாக இருக்கும். அதனால் கட்டியைத் தேடுவதற்கு முன் என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்பேன் என்றார். செடி என்றாலே தீங்கில்லாதது என்று நம்புகிற எல்லோருக்கும் இந்தப் பாடம் போய்ச் சேர வேண்டும் என்பது என் ஆசை.

புள்ளியியல் நண்பருக்கும் ஒரு நன்றி பாக்கி இருக்கிறது. கிருமியையும் அடக்காத, ஹார்மோனையும் தொடாத சாறுகளின் அளவீடுகளை விட்டுவிட்டால் எஞ்சியவை பொய்யாகப் பளபளக்கும் என்று விளக்கியவர் அவர். எல்லாவற்றையும் பொதுத் தரவுத்தளத்தில் ஏற்றியாகிவிட்டது. நோயாளிகளின் ஆதரவுக் குழுவினர் எளிய நடையில் ஒரு சுருக்கம் கேட்டிருந்தார்கள். அதையும் தமிழில் எழுதி முடித்துவிட்டோம். இதில் எந்தச் சாறும் கட்டிக்கு மருந்து அல்ல என்பதை முதல் பத்தியிலேயே எழுதியிருக்கிறோம். திசு தந்தவர்களில் யாருக்காவது அந்தச் சுருக்கம் இன்னும் வந்து சேரவில்லை என்றால், கையெழுத்து வாங்கிய செவிலியரிடம் சொல்லுங்கள். உடனே அனுப்பிவைக்கிறோம்.

நன்றியுடன்,
ஆய்வுக் குழுவின் சார்பில் ஒரு மாணவி