ஹைடெக் லேப் பொறுப்பாசிரியர்களுக்குத் தமிழில் ஓர் உதவித் தளம் வேண்டி மீண்டும் மனு

அனுப்புநர்:
ஹைடெக் லேப் பொறுப்பாசிரியர் (பட்டதாரி ஆசிரியர், அறிவியல்),
அரசு உயர்நிலைப் பள்ளி,
திருவட்டாறு வட்டம், கன்னியாகுமரி மாவட்டம்.
(தலைமை ஆசிரியர் வழியாக)

பெறுநர்:
முதன்மைக் கல்வி அலுவலர் அவர்கள்,
கன்னியாகுமரி மாவட்டம்.

பொருள்: பள்ளிக் கணினி ஆய்வகங்களைக் கவனிக்கும் ஆசிரியர்களுக்குத் தமிழில் இணைய வழி உதவிக் குறிப்புகள் கோருதல் – தொடர்பாக.

பார்வை: இதே பொருளில் முன்பு அனுப்பிய மனுக்கள். பதில் வரவில்லை.

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.

குலசேகரம் தாண்டிப் பேச்சிப்பாறை போகிற வழியில் உள்ளது எங்கள் பள்ளி. தாங்கள் ஆய்வுக்கு வந்துபோன சாலைதான். ரப்பர் தோட்டத்துக்குள் நுழைந்ததும் செல்போனில் சிக்னல் என்ன ஆகும், ஐப்பசி பிறந்தால் மத்தியானத்துக்கு மேல் இடி எப்படி வெட்டும் என்பதெல்லாம் நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

1. எங்கள் பள்ளியில் ஹைடெக் லேப் இருக்கிறது, அரசுக்கு நன்றி. அதன் பொறுப்பு என்னிடம். நான் படித்தது இயற்பியல்.

2. பாடம் நடத்த இணையத்தில் எதற்கும் குறைவில்லை. 2017-ல் தீக்‌ஷா தளம் வந்தது. 2018 முதல் புதிய பாடநூல்களில் கியூஆர் கோடு வந்தது. 2019-ல் கல்வித் தொலைக்காட்சி, 2023-ல் மணற்கேணி செயலி. பிள்ளைகளுக்கு நல்ல பயன்தான், குறை சொல்லவில்லை. ஆனால் இவை ஓட வேண்டிய கணினியே ஓடவில்லை என்றால் அதைக் கவனிக்கிற ஆசிரியர் எங்கே போய்ப் பார்ப்பது? எங்களுக்கு இருப்பது ஒரு வாட்ஸ்அப் குழு. காலை வணக்கப் படங்கள், பணி நிறைவு வாழ்த்துகள், சுற்றறிக்கைகள், நடுவில் எங்கேயோ யாரோ போட்ட ஒரு தீர்வு. போன மாதம் ஒருவர் பதில் சொன்ன அதே கேள்வியை இந்த மாதம் இன்னொருவர் கேட்கிறார். பதில் சொன்னவர் மாறுதலில் போயிருப்பார், குழுவிலிருந்தும் விலகியிருப்பார்.

3. இனிச் சொல்லப் போவதுதான் பெரிய வேதனை. கடந்த மழைக்காலத்தில் மின்சாரம் போய் வந்த ஒரு நாளில் எங்கள் லேப்பின் மையக் கணினியான சர்வரில் எந்த இணையதளமும் திறக்கவில்லை. கணினி ஓடுகிறது, இணைய இணைப்பும் இருக்கிறது. எதைத் திறந்தாலும் ‘உங்கள் இணைப்பு பாதுகாப்பானது அல்ல’ என்று ஆங்கிலத்தில் ஓர் எச்சரிக்கை. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இணைய வழி மதிப்பீடு நடத்த வேண்டிய வாரம் அது. ஒப்பந்த நிறுவனத்தின் உதவி எண்ணில் பதிவு செய்தோம். பதிவு எண் குறுஞ்செய்தியாக வந்தது. ஆள் வரவில்லை. பிள்ளைகள் தினமும் லேப் வாசலில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, ‘இன்னைக்காவது உண்டுமா சார்?’ என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போனார்கள். அவர்களில் பாதிப் பேர் வீட்டில் கணினியைத் தொட வழியில்லாதவர்கள். ரப்பர் பால்வெட்டுக்குப் போகிற வீட்டுப் பிள்ளைகள் ஐயா.

கடைசியில் ஒருவர் வந்தார். பெட்டியைக் கழற்றி, மதர்போர்டில் இருந்த பொத்தான் அளவு பேட்டரியை மாற்றினார். சி.ஆர். 2032 என்று அதன் பெயர், மார்த்தாண்டத்தில் எந்த வாட்ச் கடையிலும் கிடைக்கும், ஐம்பது ரூபாய்கூட வராது. அந்த பேட்டரி தீர்ந்துவிட்டால், மின்சாரம் போனதும் கணினியின் தேதி பல வருடம் பின்னால் போய்விடும். தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ் அந்தத் தேதிக்குச் செல்லாது என்பதால் பிரௌசர் எதையும் திறக்காது. விஷயம் இவ்வளவுதான். தேதியைக் கையால் திருத்தியிருந்தாலே அன்றைக்கு மதிப்பீடு நடந்திருக்கும்! ‘எச்சரிக்கை வந்தால் முதலில் தேதியைப் பார்’ என்று தமிழில் ஒரு பக்கம் எங்கேயாவது இருந்திருந்தால் போதும். இப்போது பக்கத்துப் பள்ளியில் அதே எச்சரிக்கை. அந்த ஆசிரியரும் பதிவு எண்ணை வைத்துக்கொண்டு காத்திருந்தார், தற்செயலாக ஒரு கல்யாண வீட்டில் என்னிடம் சொன்னார். அரசுப் பள்ளிகளின் தொழில்நுட்ப உதவி கல்யாண வீட்டுப் பந்தியில்தான் நடக்க வேண்டுமா?

4. களியக்காவிளை தாண்டினால் கேரளத்துப் பாறசாலை. அங்கே உயர்நிலைப் பள்ளிகளில் ஐ.டி. ஒருங்கிணைப்பாளர் என்று ஓர் ஆசிரியர் உண்டு. 2001-ல் ஐ.டி. அட் ஸ்கூல் என்று தொடங்கிய திட்டம் இன்று கைட் என்ற பெயரில் நடக்கிறது. பள்ளிக் கணினிகளுக்கென்றே லினக்ஸ் என்ற இயங்குதளத்தின் ஒரு தொகுப்பு தருகிறார்கள், அதை நிறுவுவதற்கான குறிப்புகளும் இணையத்தில் கிடைக்கின்றன. 2018 முதல் லிட்டில் கைட்ஸ் என்று மாணவர்களையே பழக்குகிறார்கள். நம் மாவட்டத்து ஆசிரியர்கள் சிலர் மலையாளம் எழுத்துக்கூட்டி வாசித்து அந்தக் குறிப்புகளைத்தான் பார்க்கிறோம். அவர்களுடைய மென்பொருள் வேறு, நம்முடையது வேறு; பாதிதான் பொருந்துகிறது. 1956-ல் தமிழுக்காகத் தாய்த் தமிழகத்தோடு சேர்ந்த மாவட்டம் இது. லேப்பைச் சரிசெய்ய மலையாளம் வாசிக்கிறோம் என்று எழுதவே ஒருமாதிரி இருக்கிறது.

5. நாங்கள் கேட்பது: மாவட்ட அளவில் ஓர் எளிய தளம். திரையில் வரும் பிழைச் செய்தியை அடித்துத் தேடினால் என்ன செய்ய வேண்டும் என்று படத்தோடு தமிழில் வர வேண்டும். தேதி, யுபிஎஸ், பிரிண்டர், வைஃபை, பள்ளி விவரங்களைப் பதிவு செய்யும் எமிஸ் தளத்தின் கடவுச்சொல், ஸ்மார்ட் போர்டின் தொடுதிரை எனத் தினமும் வருகிற தொல்லைகள் முதலில். வீடியோவாக வேண்டவே வேண்டாம். எங்கள் பக்கம் வீடியோ சுற்றிக்கொண்டே இருக்கும். பிடிஎஃப் போதும். வட்டார வள மையத்தில் மாதம் ஒருமுறை பென்டிரைவில் ஏற்றிக் கொடுத்தால் சிக்னல் இல்லாத பள்ளிகளும் பிழைத்துக்கொள்ளும். எழுதித் தர நாங்களே இருக்கிறோம். எழுதியதைச் சரிபார்க்கக் கணினி தெரிந்த இருவர் வேண்டும், தங்கள் கையொப்பத்தோடு ஓர் ஆணை வேண்டும்.

6. டெண்டர் வேண்டாம் ஐயா. கட்டடம் வேண்டாம். திறப்பு விழாவும் வேண்டாம்.

7. ‘பரிசீலனையில் உள்ளது’ என்றாவது ஒரு பதில் வந்திருந்தால் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன்.

எழுத்தில் கடுமை தெரிந்தால் பொறுத்தருள வேண்டும். லேப் மூடிக் கிடக்கும் நாளில் பிள்ளைகளுக்குப் பதில் சொல்ல வேண்டியவன் நான். அடுத்த ஐப்பசி மழைக்கு முன்பாக இந்தத் தளத்துக்கு ஆணையிடுமாறும், அதுவரை தேதியைச் சரிபார்க்கும் அந்த ஒரு பக்கக் குறிப்பை மட்டுமாவது எல்லாப் பள்ளிகளுக்கும் உடனே சுற்றறிக்கையாக அனுப்புமாறும் மீண்டும் பணிந்து கேட்டுக்கொள்கிறேன். குறிப்பைத் தட்டச்சு செய்து இத்துடன் இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஹைடெக் லேப் பொறுப்பாசிரியர்