குழந்தை யாரிடம் என்பதற்கு முன், எந்த நாட்டு நீதிமன்றம்?

ஆசிரியருக்கு வணக்கம்.

வெளிநாட்டில் வாழும் தம்பதி பிரிந்து, ஒருவர் குழந்தையோடு ஊர் திரும்பினால், எந்த நாட்டு நீதிமன்றம் விசாரிப்பது என்ற கேள்வியிலேயே குழந்தையின் வருடங்கள் கரைகின்றன.

1890-ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டம், 9-ஆம் பிரிவில், பிள்ளை சாதாரணமாக வசிக்கும் இடத்து நீதிமன்றத்துக்கே அதிகாரம் தருகிறது. விடுமுறைக்கு வந்த பிள்ளையை அவசரமாகப் பள்ளியில் சேர்த்து, அந்தச் சேர்க்கையையே ஆதாரமாக்கி மனுப் போடுகிறார்கள். அது நிற்பது கடினம். எதிர்த்தரப்பு அதிகார வரம்பையே கேள்வி கேட்கும். அதற்குள் அந்த நாட்டு நீதிமன்றமும் ஓர் உத்தரவு போட்டிருக்கும். ஒரே பிள்ளைக்கு முரண்பட்ட இரண்டு உத்தரவுகள்!

நாடு கடந்து கொண்டுசெல்லப்படும் பிள்ளைகள் பற்றிய சர்வதேச ஒப்பந்தமான 1980 ஹேக் உடன்படிக்கைப்படி, 16 வயதுக்குட்பட்ட பிள்ளையைத் தவறாகக் கொண்டுவந்து ஓராண்டுக்குள் மனு வந்தால், வழக்கமாக வாழ்ந்த நாட்டுக்கே திருப்பி அனுப்ப வேண்டும். பராமரிப்பு வழக்கு அங்கேதான் நடக்கும். இலங்கை 2001-இல் இதில் சேர்ந்து தனிச் சட்டமும் இயற்றியது. இந்தியா இன்னும் சேரவில்லை.

கோவை தொடர்பான வழக்கில் 2015-இல் உச்ச நீதிமன்றம், முதலில் உத்தரவிட்ட வெளிநாட்டு நீதிமன்றத்துக்கு முன்னுரிமை தந்தது. 2017-இல் மூன்று நீதிபதிகள் அமர்வு அதை மாற்றியது: பிள்ளையின் நலனே முதன்மை, வெளிநாட்டு உத்தரவு கருத வேண்டியவற்றில் ஒன்று மட்டுமே. எனவே பிள்ளையைப் பிரிந்தவர் காத்திருக்கவே கூடாது. வாழ்ந்த நாட்டில் உடனே உத்தரவு பெற்று, சான்றிட்ட நகலுக்கு அப்போஸ்டில் முத்திரை (ஆவணம் உண்மையானது என்று அந்த நாட்டு அரசு பிற நாடுகளுக்குத் தரும் சான்று) வாங்கி, இங்குள்ள உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுத் தாக்கல் செய்ய வேண்டும். மாதங்கள் கடந்தால் பிள்ளை இங்கே வேரூன்றிவிட்டது என்ற வாதம் வலுக்கும்.

இந்தியா சேர்ந்தால், அடி உதைக்குத் தப்பி வந்த தாய்மார்களை ஹேக் உடன்படிக்கை மீண்டும் அங்கேயே தள்ளிவிடும் என்ற அச்சம் நியாயமானது. கடும் ஆபத்து இருந்தால் திருப்பி அனுப்ப மறுக்கலாம் என்று 13-ஆம் பிரிவு சொன்னாலும், நிரூபிக்க வேண்டியவர் அந்தத் தாயே. போலீஸ் புகார், மருத்துவக் குறிப்பு எல்லாம் அந்த நாட்டில் கிடக்கும். கிளம்பும் முன்பே நகல் எடுத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து வரும் சம்மனையும் ஒதுக்காதீர்கள். ஒதுக்கினால் ஒருதலைத் தீர்ப்பு வந்துவிடும்.

உடன்படிக்கையில் சேர்வதோ வேண்டாமோ, அது டெல்லியின் முடிவு. ஆனால் இந்த மனுக்களுக்கென சென்னையிலும் மதுரையிலும் தனி அமர்வு ஒதுக்கி, ஹேக் உடன்படிக்கை சொல்லும் 6 வாரக் கெடுவை நாமும் வைத்துக்கொள்ள அதற்காகக் காத்திருக்கத் தேவையில்லை.

குடும்பநல வழக்கறிஞர், மதுரை