அலை மேல் இறங்கும் விமானங்கள்

காரைக்கால்

அன்புள்ள சேகர்,

உன் கடிதமும் மருமகள் அனுப்பிய படங்களும் வந்தன. பேரன் அப்படியே உன் அப்பா ஜாடை. இங்கே எல்லோரும் நலம். உன் தங்கச்சிக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. சின்னவனுக்குச் சென்னையில் வேலை உறுதியாகிவிட்டது. மற்ற கதைகளை நேரில் பேசிக்கொள்ளலாம். இப்போது நீ கேட்ட கேள்விக்கு வருகிறேன்.

ஜூலையில் உங்கள் பிரான்சில் மார்செய் பக்கம் காடு எரிந்ததைப் பற்றி நீ எழுதியிருந்ததைத் திரும்பத் திரும்பப் படித்தேன். விமான நிலையத்தையே மூடிவிட்டார்கள், கனடேர் என்கிற தீயணைப்பு விமானங்கள் தண்ணீரை உரசிக்கொண்டு போய் மேலே ஏறின, ஓடுகிற ஓட்டத்திலேயே எப்படி அள்ளுகிறது, உள்ளே பம்ப் இருக்கிறதா என்று கேட்டிருந்தாய்.

பம்ப் கிடையாது. அடிவயிற்றில் சின்னதாக இரண்டு வாய்களைக் கீழே இறக்குவார்கள். விமானம் மணிக்கு 130 கிலோமீட்டர் வேகத்தில் நீரைத் தொட்டு ஓடும்போது, அந்த வேகமே தண்ணீரைத் தொட்டிக்குள் தள்ளிவிடுகிறது. உங்கள் பக்கம் பறக்கிற சிஎல்-415 ரகம் 12 வினாடியில் 6,000 லிட்டருக்கு மேல் அள்ளும். கஷ்டம் விமானிக்குத்தான். அந்த 12 வினாடியில் விமானத்தின் எடை ஆறு டன் கூடுகிறது. கனம் ஏற ஏற இன்ஜின் விசையைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும், மூக்கு தாழக் கூடாது, எதிரே பாய்மரப் படகு வந்துவிடக் கூடாது. அள்ளி முடித்ததும் புகைக்குள், மலை இடுக்கில், மரத்தின் உச்சிக்குச் சற்று மேலே பறந்து கொட்ட வேண்டும். 2023 ஜூலையில் கிரேக்க நாட்டின் எவியா தீவில் இந்த வேலையில்தான் ஒரு பழைய சிஎல்-215 மலையில் மோதி இரண்டு விமானிகளும் இறந்துபோனார்கள். சிஎல்-215 முதலில் பறந்தது 1967இல். தீயணைப்புக்கென்றே வரைந்து கட்டிய விமானம் அது. அத்தனை வருடம் கழித்தும் அதை நம்பித்தான் தீயோடு மல்லுக்கு நிற்கிறார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உன் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற அந்த பெர் ஏரியில்தான் 1910 மார்ச் 28 அன்று ஆன்ரி ஃபாப்ர் உலகத்திலேயே முதல்முறையாக நீரிலிருந்து ஒரு விமானத்தைக் கிளப்பினார். பேரனை மார்த்திக் பக்கம் அழைத்துப் போகும்போது இதைச் சொல்.

ஆனால் என் மனசு முழுக்க இருப்பது நீரில் இறங்கும் விமானங்களின் இன்னொரு வேலை, கடலில் ஆளை மீட்பது. தீயணைப்பு விமானம் தண்ணீரில் நிற்கவே நிற்காது. மீட்பு விமானம் நின்றாக வேண்டும். அதுவும் நடுக்கடல் அலையில் நின்று, ஆளை ஏற்றி, மறுபடி எழும்ப வேண்டும். இறங்குவது பாதி வேலைதான்.

1945இல் அமெரிக்கப் போர்க்கப்பல் இண்டியானாபோலிஸ் டார்பிடோ பட்டு மூழ்கி, நூற்றுக்கணக்கான மாலுமிகள் நாள்கணக்கில் பசிபிக் கடலில் மிதந்தார்கள். ஏட்ரியன் மார்க்ஸ் என்ற விமானி, நீரில் இறங்கக்கூடிய கேட்டலினா விமானத்தில் வந்து பார்த்தார். கீழே சுறாக்கள் ஆட்களை இழுத்துக்கொண்டிருந்தன. திறந்த கடலில் இறங்கக் கூடாது என்பது உத்தரவு. அவர் இறங்கினார். 56 பேரை ஏற்றினார். உள்ளே இடம் இல்லாமல் மீதிப் பேரை இறக்கைகளின் மேல் கிடத்தி, பாராசூட் கயிற்றால் கட்டினார்கள். அந்த விமானம் அதற்குப் பிறகு எழும்பவே இல்லை. இரவில் மீட்புக் கப்பல் வரும்வரை மிதந்துகொண்டே அத்தனை பேரையும் காப்பாற்றியது. அப்புறம் அதை அங்கேயே மூழ்கடித்துவிட்டார்கள்.

எழும்புகிற அந்த மீதிப் பாதியைச் சாதித்தவர்கள் ஜப்பான்காரர்கள். போருக்கு முன்பே பெரிய பறக்கும் படகுகளை, அதாவது நீரில் இறங்கும் விமானங்களை, வடிவமைத்த ஷிசுவோ கிக்குஹாரா, போருக்குப் பிறகு ஜப்பானுக்கு விமானம் கட்டத் தடை இருந்த காலத்திலும் அந்த எண்ணத்தை விடவில்லை. தடை நீங்கியபின் ஒரு அமெரிக்க விமானத்தை வாங்கிப் பிரித்து மாற்றிச் சோதித்தார்கள். 1967இல் பிஎஸ்-1, 1974இல் யுஎஸ்-1, 2003இல் யுஎஸ்-2 என்று ஒன்றிலிருந்து ஒன்றாக வளர்த்தார்கள். இப்போது ஷின்மேவா கம்பெனி கட்டுகிற யுஎஸ்-2 மூன்று மீட்டர் அலையிலும் இறங்கி எழும்.

இதன் சூட்சுமம் மெதுவாகப் பறப்பதில் இருக்கிறது. வேகமாக வந்து அலையில் மோதினால் எந்த உடம்பும் தாங்காது. யுஎஸ்-2வில் இறக்கையில் இருக்கும் நான்கு இன்ஜின்கள் தவிர, உடம்புக்குள்ளே ஐந்தாவதாக ஒரு இன்ஜின் உண்டு. அது விமானத்தைத் தள்ளுவதற்கு இல்லை. காற்றை அழுத்தி, கீழே மடங்கியிருக்கும் இறக்கை விளிம்புகளின் மேலும் வால் பகுதியிலும் ஊதுவதற்கு மட்டுமே. அந்தக் காற்றோட்டத்தால், சாதாரண விமானம் சரிந்து விழுந்துவிடும் வேகத்திலும் இது நிலைகுலையாமல் பறக்கிறது. கிட்டத்தட்ட நம் ஊர்ப் பேருந்து நெடுஞ்சாலையில் போகிற வேகத்தில் கடலைத் தொடும். 300 மீட்டருக்குள் எழும்பிவிடும். மூக்கடியில் தெறிக்கும் நீர் இன்ஜினுக்குள் போகாதபடி திருப்பிவிட ஒரு பள்ளம் வெட்டியிருக்கிறார்கள். கப்பல் இன்ஜின் ரூமில் காலம் கழித்தவன் நான், அந்தப் பள்ளத்தின் படத்தைப் பார்த்ததும் அதை வரைந்தவனைக் கும்பிடத் தோன்றியது.

2013 ஜூனில் ஜப்பானிலிருந்து பசிபிக்கைக் கடக்கப் பாய்மரப் படகில் இரண்டு பேர் கிளம்பினார்கள். ஒருவர் தொலைக்காட்சிச் செய்தியாளர் ஜிரோ ஷின்போ. இன்னொருவர் கண்பார்வை இல்லாத மிட்சுஹிரோ இவாமோட்டோ. சில நாளில் படகு எதிலோ மோதி, தண்ணீர் புகுந்து, ரப்பர் மிதவைக்கு மாறிவிட்டார்கள். கரை 1,200 கிலோமீட்டர் தூரம். ஹெலிகாப்டர் போய்த் திரும்ப முடியாத தூரம் அது. முதலில் வந்த யுஎஸ்-2, அலை பார்த்து இறங்க முடியாமல் திரும்பியது. இருட்டுவதற்கு முன் இரண்டாவது யுஎஸ்-2 இறங்கி, ஒரு ரப்பர் படகைக் கடலில் இறக்கி அனுப்பி இருவரையும் ஏற்றிக்கொண்டு எழும்பிவிட்டது. ஆறு வருடம் கழித்து, 2019இல், இவாமோட்டோ அமெரிக்காவின் சான் டியேகோவிலிருந்து கிளம்பி நடுவில் எங்கும் நிற்காமல் அதே பசிபிக்கைக் கடந்து ஜப்பான் வந்து சேர்ந்தார்.

கப்பலில் இருந்தவனுக்குத்தான் இது எவ்வளவு பெரிய காரியம் என்று தெரியும். ஆபத்து அழைப்பு வந்து திசை திருப்பினால், போய்ச் சேரவே சில சமயம் ஒரு நாள் ஆகும். சேர்ந்தபிறகும், உயரமான கப்பலின் இரும்புச் சுவரோடு சின்னப் படகை அலை மோதி மோதி உடைக்கும். மேலே நின்று கயிறு வீசுகிறவன் கை நடுங்கும். கண்ணுக்கு எதிரே இருக்கிற ஆளை எடுக்க முடியாத நிலைமை வரும்.

யுஎஸ்-2வுக்கும் கடல் சலுகை காட்டுவதில்லை. 2015இல் பயிற்சியில் எழும்பும்போது ஒரு இன்ஜின் கழன்று விமானம் விபத்துக்குள்ளானது. 19 பேரும் பிழைத்தார்கள். சீனாவும் இப்போது ஏஜி600 என்று இதைவிடப் பெரியதாக ஒன்றைக் கட்டியிருக்கிறது. 20 வினாடியில் 12 டன் நீர் அள்ளும், 50 பேரை மீட்கலாம் என்கிறார்கள். 2017இல் முதலில் பறந்தது, 2025இல்தான் சான்றிதழ் கிடைத்தது. ஏழு வருடத்துக்கும் மேல். அவசரப்பட்டுச் செய்கிற வேலை இல்லை இது.

நம் நாடும் யுஎஸ்-2 வாங்கப் பத்து வருடத்துக்கும் மேலாகப் பேசியது. கடற்படைக்குப் பன்னிரண்டு என்று கணக்குப் போட்டார்கள். விலை இடித்தது, பேச்சு அப்படியே நின்றது. ஜப்பானிலேயே பத்தைத் தாண்டிக் கட்டவில்லை என்றால் ஒவ்வொன்றும் யானை விலைதான் வரும், எனக்கும் புரிகிறது. ஆனால் வருடத்துக்கு எத்தனை முறை பறந்தது என்று பார்த்து இதற்கு விலை சொல்வது தப்பு என்று நினைக்கிறேன். 2017 ஒக்கி புயலில் கன்னியாகுமரிப் பக்கத்து ஆழ்கடல் மீனவர்கள் எவ்வளவு தூரத்தில் சிக்கினார்கள் என்று உனக்குத் தெரியும். அந்தமான், லட்சத்தீவு என்று தீவுகளும் நமக்கு இருக்கின்றன. ஜப்பானில் விமான நிலையமே இல்லாத ஒகசவாரா தீவுகளிலிருந்து, தோக்கியோவுக்கு 1,000 கிலோமீட்டர் தெற்கே, பிரசவ வலி வந்தவளையும் நெஞ்சுவலிக்காரனையும் தூக்கிவருவது இந்த விமானம்தான். கப்பலில் வந்தால் ஒரு நாள் முழுக்க ஆகும். பன்னிரண்டு வேண்டாம், நான்கு போதும், கிழக்கில் இரண்டும் மேற்கில் இரண்டும் என்பது என் கட்சி. புயல் உச்சத்தில் எதுவும் இறங்காது, அது சரி. ஆனால் புயல் ஓய்ந்த மறுநாள், மூன்றாம் நாள் மிதந்துகொண்டிருப்பவனுக்கு அது போய்ச் சேரும்.

அடுத்த மாதம் காரைக்கால்மேட்டில் மீனவர் கூட்டத்தில் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். இதைத்தான் பேசப் போகிறேன். உனக்கு ஒரு வேலை. உங்கள் ஊரில் கனடேர் படையை உள்துறைதான் நடத்துகிறது. தீ இல்லாத குளிர்காலத்தில் அந்த விமானங்களையும் விமானிகளையும் எப்படி வைத்துக்கொள்கிறார்கள், பராமரிப்பு யார் கையில், உப்புநீர் அரிப்புக்கு என்ன செய்கிறார்கள் என்று தெரிந்தவர்களிடம் விசாரித்து எழுது. நம் ஆட்கள் முதலில் கேட்கப் போகிற கேள்வி அதுதான். கூட்டத்துக்கு முன்னால் வந்தால் உதவியாக இருக்கும்.

அன்புடன்,
முருகையன்