ட்ரம்மில் சுற்றிய குழாய்

அன்புள்ள சேகர்,

பொங்கலுக்கு நீ போட்ட கடிதத்துக்கு இப்போதுதான் பதில். திட்டுவதை நேரில் வைத்துக்கொள். இங்கே எல்லாரும் சௌக்கியம். என் மூட்டுவலி என்னைவிடச் சுறுசுறுப்பு.

எழுதக் காரணம் உன் மகன்தான். ஸ்காட்லாந்தில் அபர்டீனில் கடலடிக் குழாய் பதிக்கும் கப்பலில் சேர்ந்துவிட்டானாமே! "மாமா, இரும்புக் குழாயை நூல்கண்டு மாதிரி சுத்தி வெச்சிருக்காங்க" என்று போனில் ஒரே வியப்பு. அந்தக் கதையை உனக்கும் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

1942, போர்க்காலம். இங்கிலாந்திலிருந்து பிரான்சுக்குக் கடலடியில் பெட்ரோல் அனுப்ப வேண்டும். ஆங்கிலோ இரானியன் ஆயில் கம்பெனியின் (பின்னாளில் பி.பி.) தலைமைப் பொறியாளர் ஹார்ட்லி, கடலடித் தந்திக் கேபிளுக்குள் இருப்பதை எடுத்துவிட்டால் மிச்சம் குழாய்தானே என்று யோசித்தார். வூலிச்சில் கேபிள் செய்துவந்த சீமென்ஸ் பிரதர்ஸ், ஈயக் குழாய்க்கு மேல் இரும்புக் கவசம் சுற்றிக் கொடுத்தது. டிசம்பரிலேயே பிரிட்டனுக்குள் ஸ்வான்சியிலிருந்து இல்ஃப்ரகூம் வரை கடலடியில் போட்டுப் பார்த்துவிட்டார்கள்.

ஹாமிக், எல்லிஸ் என்ற இருவர் இன்னும் ஒருபடி மேலே போனார்கள். எல்லிஸ் பர்மா ஆயில்காரர். மூன்று அங்குல எஃகுக் குழாயே பெரிய சக்கரத்தில் வளையும் என்றார்கள். பற்றவைத்து நீளமாக்கி, காலியாகவே 250 டன் எடையுள்ள மிதக்கும் ட்ரம்மில் சுற்றினார்கள். இழுவைப் படகுகள் அதை இழுக்க இழுக்கக் குழாய் அவிழ்ந்து கடலடியில் இறங்கும்.

புளூட்டோ என்ற அந்தத் திட்டத்தைப் பற்றிப் பெருமை பேசுகிறவர்கள் ஒன்றை மென்று விழுங்குவார்கள். 1944 ஆகஸ்டில் பிரான்சின் செர்பூர் துறைமுகத்துக்குப் போட்ட முதல் குழாய்கள் வீண். செப்டம்பர் கடைசியில் பெட்ரோல் போய்ச் சேர்ந்தது. அக்டோபர் தொடக்கத்தில் அந்த வழியையே மூடிவிட்டார்கள். பிறகு இங்கிலாந்தின் டன்ஜனஸிலிருந்து பிரான்சின் பூலோனுக்குப் போட்டவைதான் ஒழுங்காக ஓடின. அப்படியும் நேசப்படைகள் எரித்ததில் பத்தில் ஒரு பங்குகூட இந்தக் குழாய்கள் வழியே போகவில்லை. போரை வென்றது புளூட்டோ என்பதெல்லாம் மிகை.

ஆனால் அந்த ட்ரம் பிழைத்துக்கொண்டது. கரையில் பற்றவைத்துச் சுற்றி, கடலில் நிமிர்த்தி இறக்குவதுதானே உன் மகன் கப்பலில் இன்று நடப்பது! "கடலிலே நின்று வெல்டிங் வைக்காதவன் பொறியாளனா?" என்பாயே, அதற்கும் இடமிருக்கிறது, கோபிக்காதே. 1975-ல் வடகடலின் ஃபார்ட்டீஸ் வயல் எண்ணெயை ஸ்காட்லாந்துக் கரையிலுள்ள க்ரூடன் பேவுக்குக் கொண்டுவந்த பி.பி. குழாய் 32 அங்குலம். அதைச் சுருட்ட எந்த ட்ரம்மாலும் ஆகாது; கடலிலேதான் பற்றவைக்க வேண்டும்.

போர் முடிந்ததும் புளூட்டோ குழாய்களில் பெரும்பகுதியைக் கடலிலிருந்து உருவி, ஈயத்தையும் இரும்பையும் காயலான் கடைச் சரக்காக விற்றார்களாம். நம் ராசு மட்டும் அங்கே இருந்திருந்தால் ஏலத்தில் முதல் ஆள் அவன்தான்.

அன்புடன்,
முத்து