கோப்பு எங்கிருந்து வருகிறது என்று கேட்கக் கற்றுத்தந்தவர்களுக்கு

அன்புடையீர், வணக்கம்.

எங்கள் ஊர் நூலக மாடியில் சனிக்கிழமை மாலைகளில் பள்ளி மாணவர்களுக்கு நான் நடத்திவரும் பைத்தான் என்ற நிரல்மொழி வகுப்பு அண்மையில் மூன்று வாரங்கள் முடங்கிக் கிடந்தது. அது மீண்டும் நடக்கக் காரணமானவர்களுக்கு நேரில் நன்றி சொல்லிவிட்டேன். ஆயினும், அவர்கள் எனக்கு விளக்கியவை என்னைப் போல் கற்பிக்கும் மற்றவர்களுக்கும் பயன்படும் என்பதால் இம்மடலைப் பொதுவில் எழுதுகிறேன்.

பகடை உருட்டும் நிரலை எழுதிய ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன், அதில் பயன்படுத்திய மாட்யூலின் (பிற நிரல்கள் அழைத்துப் பயன்படுத்தும் ஆயத்த நிரல்கோப்பின்) பெயரையே வைத்து, எல்லோருக்கும் பொதுவான கோப்புறையில் 'ரேண்டம்' (random) என்று ஆங்கிலத்தில் சேமித்தான். அவனுடைய நிரல் ஓடவில்லை. பக்கத்தில் அமர்ந்து மதிப்பெண்களின் சராசரியைக் கணக்கிட்டுக்கொண்டிருந்த மாணவியின் நிரலும் நின்றுபோனது. அவள் இம்போர்ட் செய்திருந்தது, அதாவது தன் நிரலுக்குள் அழைத்திருந்தது, சராசரி போன்றவற்றைக் கணக்கிடும் ஸ்டேட்டிஸ்டிக்ஸ் மாட்யூல் ஒன்றை மட்டுமே. ரேண்டம் என்ற சொல் அவளுடைய நிரலில் எங்குமே இல்லை. மாட்யூல்கள் ஒன்றையொன்று சுற்றி அழைப்பது காரணமாக இருக்கக்கூடும் என்றது பிழைச்செய்தியின் கடைசி வரி. அந்த வரியை நம்பி, மாட்யூல்களுக்கு இடையே இல்லாத சுழலை இரண்டு மாலைகள் தேடினேன். பைத்தானையே நீக்கிவிட்டு மறுபடி நிறுவியும் பார்த்தேன்.

முதல் நன்றி, ஓய்வுபெற்ற பொறியாளரான அம்மையார் ஒருவருக்கு. தொலைபேசியில் நான் சொன்னதை முழுவதும் கேட்டுவிட்டு, "தம்பி, நிரலைத் தொடாதீர்கள். அந்தப் பெயருக்கு எந்தக் கோப்பு வருகிறது என்று பைத்தானிடமே கேளுங்கள்" என்றார். இம்போர்ட்லிப்.யூட்டில் என்ற மாட்யூலில் உள்ள ஃபைண்ட்_ஸ்பெக் என்ற கட்டளை, கோப்பை இயக்காமலேயே அது இருக்கும் இடத்தைச் சொல்லிவிடும். கேட்டேன், பைத்தானோடு வரும் மாட்யூல்களின் தொகுப்பான நூலகத்தைச் சேர்ந்த ரேண்டம் வரவேண்டிய இடத்தில் எங்கள் வகுப்புக் கோப்புறையின் முகவரி வந்து நின்றது.

அதன்பின் அவர் ஒரு மணி நேரம் பொறுமையாக விளக்கினார். இம்போர்ட் என்றதும் பைத்தான் முதலில் பார்ப்பது, அந்தப் பெயர் இந்த ஓட்டத்தில் ஏற்கெனவே ஏற்றப்பட்டதா என்பதை. அந்தக் கணக்கு, பெயருக்கு எதிரே மாட்யூலைக் குறித்துவைக்கும் சிஸ்.மாட்யூல்ஸ் என்ற அகராதியில் இருக்கிறது. இல்லையென்றால், சிஸ் போல மொழிக்குள்ளேயே கட்டப்பட்டவற்றில் ஒன்றா என்று பார்க்கும். அங்கும் இல்லாதபோதுதான் சிஸ்.பாத் என்ற பட்டியலில் உள்ள கோப்புறைகளை மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாகத் துழாவும். முதலில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு அங்கேயே நின்றுவிடும். ஓடும் நிரல் இருக்கும் கோப்புறைதான் அந்தப் பட்டியலின் தலையில் நிற்கிறது. பைத்தான்பாத் என்ற சூழல் மாறியில் (கணினியின் அமைப்பில் பெயரிட்டு வைக்கும் மதிப்பில்) நாம் குறித்துவைத்தவை அடுத்து வரும். மொழியோடு வரும் நூலகம் அதற்கும் பிறகுதான். நாமாக நிறுவிய தொகுப்புகள் இருக்கும் சைட்-பேக்கேஜஸ் எல்லாவற்றுக்கும் பின்னால்.

எனக்குப் புலப்படாமல் இருந்தது இதற்கு அடுத்த படி. ஸ்டேட்டிஸ்டிக்ஸ் தன் வேலைக்காக உள்ளே ரேண்டமை அழைக்கிறது. அது மொழியின் சொந்த நூலகத்தைச் சேர்ந்தது என்பதற்காக அதற்கென்று தனிப் பாதை கிடையாது. அதே பட்டியலின் தலையில் இருந்த எங்கள் கோப்புறைக்கு வந்து, மாணவனின் பகடை நிரலை எடுத்துக்கொண்டது. அந்தக் கோப்பின் முகவரி பிழைச்செய்தியின் நடுவில் தெளிவாகவே இருந்திருக்கிறது. இப்போது மாணவர்களைச் செய்தியை முதல் வரியிலிருந்து படிக்கச் சொல்கிறேன்.

முனையத்தில் (கட்டளைகளைத் தட்டும் சாளரத்தில்) திறந்திருந்த பைத்தான் அமர்வில், திருத்திய கோப்பை மறுபடி இம்போர்ட் செய்தும் பழைய விடையே வருவதற்கு மேற்சொன்ன அகராதிதான் காரணம் என்று காட்டி, கோப்பை மறுபடி ஏற்றும் இம்போர்ட்லிப்.ரீலோடு என்ற வழியையும் சொன்ன கல்லூரி மாணவருக்கும் என் நன்றி.

பெயர் மோதலைத் தவிர்க்க, கோப்புகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கத் தொடங்கினோம். பைத்தான் 3.0 வெளிவந்த 2008 முதல் அது இயலும். அதற்கான முன்மொழிவை எழுதிய மார்ட்டின் ஃபான் லோவிஸுக்கு ஒரு தமிழ் வகுப்பின் நன்றி உரியது. ஆனால் 'கொலு' என்று ஒரு மாணவி பெயரிட்ட கோப்பு, எங்கள் லினக்ஸ் கணினியில் கண்ணெதிரே இருந்தும், அப்படியொரு மாட்யூல் இல்லை என்றே செய்தி வந்தது. இதைத் தீர்த்தவர் அச்சுக்கோப்புப் பணி செய்யும் நண்பர். கோப்பின் பெயரில் கணினி எழுத்துகளைச் சேமிக்கும் குறியீடுகள் எத்தனை இருக்கின்றன என்று எண்ணச் சொன்னார். நான்கு இருக்க வேண்டிய இடத்தில் ஐந்து இருந்தன. வேறொரு செயலியிலிருந்து நகலெடுத்து ஒட்டிய அந்தப் பெயரில், ஒகரக் குறி ஒரே குறியீடாக இல்லாமல், ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனியாக இருந்தன. நிரலுக்குள் எப்படித் தட்டினாலும் பைத்தான் அவற்றைச் சேர்த்து ஒன்றாக்கிவிடுகிறது. கோப்பின் பெயரோ தட்டியபடியே வட்டில் கிடக்கிறது. பெயரைப் புதிதாகத் தட்டியதும் கொலுப் படிகள் திரையில் வந்தன. தமிழ் எழுத்தின் இந்த நுணுக்கத்தை அறிந்த ஒருவர் எங்கள் ஊரிலேயே இருந்தது எங்கள் பேறு.

மாட்யூல்களைத் தேடி ஏற்றும் இந்தப் பொறியைப் பைத்தான் மொழியிலேயே திரும்ப எழுதி, 2012-இல் வந்த 3.3 பதிப்பின் அடித்தளமாக்கிய பிரெட் கேனனுக்கும், அவருடன் உழைத்தவர்களுக்கும் கடமைப்பட்டிருக்கிறேன். ஃபைண்ட்_ஸ்பெக் போன்ற கருவிகள் எங்கள் கைக்கு எட்டியது அந்த உழைப்பால். 2024-இல் வந்த 3.13 பதிப்பு, இதே தவறைச் செய்தால் எந்தக் கோப்பின் பெயரை மாற்ற வேண்டும் என்று முகவரியோடு சொல்கிறது. அதை வகுப்புக் கணினிகளில் நிறுவிவிட்டோம். நிரலின் கோப்புறையைப் பட்டியலில் சேர்க்காமல் விடும் ஒரு தெரிவு 3.11 முதல் உண்டு. ஆனால் அதை இட்டால் மாணவர்கள் தாங்களே எழுதிய துணைக்கோப்புகளும் கிடைக்காமல் போகும் என்பதால் நான் அதைப் பயன்படுத்தவில்லை.

மூடும் நேரம் கடந்தும் விளக்கை அணைக்காமல் எங்களுக்காகக் காத்திருந்த நூலகருக்கு மனமார்ந்த நன்றி.

கடைசியாக, பகடை நிரலை எழுதிய மாணவனுக்கு. தம்பி, பாடத்தின் பெயரையே கோப்புக்கு வையுங்கள் என்று பலகையில் எழுதியவன் நான்தான், தவறு உன்னுடையதன்று. நண்பர்களின் நிரல்கள் எல்லாம் உன்னால் நின்றன என்று எண்ணி நீ ஒரு வாரம் வராமல் இருந்தாய் என்பதை உன் அம்மா சொல்லித்தான் அறிந்தேன். அடுத்த வாரம் திரும்பி வந்து, கோப்புக்குப் 'பகடை' என்று பெயர் மாற்றி, முதல் ஆளாக ஓட்டிக் காட்டினாயே, அதற்கு நன்றி.

அன்புடன்,
சனிக்கிழமை வகுப்பின் ஆசிரியர்