பாடகியின் சப்பாத்தை விட்டுவிட்டுப் பாட்டைக் கேளுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்,

உங்கள் ஞாயிறு இதழின் இளைஞர் பக்கத்தில் ஐரோப்பிய மெட்டல் (மின்கிற்றாரும் ட்ரம்ஸும் அதிர வாசிக்கிற கனமான ரொக் இசை) குழுக்களில் பாடும் பெண்களைப் பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. தமிழ்ப் பத்திரிகையில் இப்படி ஒரு விஷயம் வருவதே பெரிய காரியம் என்று ஆசையாகத்தான் வாசிக்கத் தொடங்கினேன். கறுப்பு உடுப்பு, முழங்கால் வரை ஏறும் சப்பாத்து, தலைமுடியின் நிறம், யார் யாரைக் கலியாணம் கட்டினார்கள், எல்லாம் இருந்தது. பாட்டைப் பற்றி ஒரேயொரு வரி, அதுவும் இரைச்சலுக்கு நடுவில் இனிமையான குரல் என்கிற மாதிரி. எழுதியவர் ஒரு அல்பத்தையாவது முழுதாகக் கேட்டிருப்பாரா என்று எனக்குச் சந்தேகம்.

நான் இசை விமர்சகன் இல்லை, வெள்ளவத்தையில் ஒரு அடுக்குமாடியில் நான்காம் மாடியில் இருக்கிற சாதாரண ஆள். எனக்கு இந்தப் பழக்கத்தைத் தொற்றவைத்தவன் மாமாவின் மகன். வடக்கு நோர்வேயில் மீன் பதனிடும் வேலைக்குப் போய், பிறகு துரொண்ட்ஹைம் பக்கம் குடியேறியவன். ஊருக்கு வந்தபோது சொக்லேட்டோடு ஒரு இறுவட்டையும் கையில் தந்தான். ட்ரயோஸ்பியர் என்கிற குழு, அவன் இருக்கிற நகரத்துப் பிள்ளைகள், 2006ல் வந்த முதல் அல்பம், பெயர் ஒன்வேர்ட்ஸ். பாடுகிற ஈடா ஹவுக்லாண்ட் வெறுமனே முன்னால் நிற்பவர் இல்லை, அடிச்சுரங்களை வாசிக்கிற பேஸ் கிற்றாரும் அவர்தான் வாசிக்கிறார். வாயில் ஒரு தாளக் கணக்கு, விரலில் இன்னொரு கணக்கு. செய்து பார்த்தவர்களுக்குத்தான் அந்தச் சிரமம் தெரியும்.

பவர் மெட்டல் என்றால் வேகம், இரண்டு காலாலும் மிதித்து ஓட்டுகிற ட்ரம்ஸ், கேட்பவர் சேர்ந்து பாடக்கூடிய பல்லவி. புரோகிரசிவ் என்றால் அந்தப் பல்லவிக்கு வந்து சேருவதற்குள் தாளம் இரண்டு மூன்று தரம் புரண்டுவிடும். இரண்டும் சேர்ந்ததுதான் இந்த அல்பம். முதலில் கேட்டபோது எனக்குப் பிடிக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பெண் குரல் என்றதும் ஒபேரா மாதிரி உச்சத்தில் மிதக்கும் என்று எதிர்பார்த்திருந்தேன், இது கொஞ்சம் கரகரத்து, அடிவயிற்றிலிருந்து ஏறி வந்தது. மூன்றாவது நாள் காலி வீதி நெரிசலில் பஸ்ஸுக்குள் நின்றபடி கேட்டபோதுதான் பிடிபட்டது, கிற்றாரோடு மோதிக்கொள்ளாமல் கிற்றாரின் ஓட்டத்திலேயே சேர்ந்து ஓடுகிற குரல் அது. குறையும் இருக்கிறது. நடுவில் சில பாட்டுகள் ஒன்றுக்கொன்று ஒன்றுவிட்ட சகோதரம் மாதிரி இருக்கும், அந்த இடத்தில் எனக்கு அலுத்துவிடும். முதல் அல்பம்தானே. அதற்குப் பிறகு 2010லும் 2014லும் அவர்கள் செய்ததைக் கேட்டுவிட்டு இதற்குத் திரும்பி வந்தால் எந்த விதை எங்கே முளைத்தது என்று வடிவாகத் தெரியும்.

உங்கள் கட்டுரையில் நைட்விஷ் பெயர் வந்திருந்தது, அவர்களின் முதல் அல்பத்தின் கதை வரவில்லை. அதல்லவா கதை! 1996ல் பின்லாந்தின் கிட்டே என்கிற சின்ன ஊரில் தூமஸ் ஹோலோபைனன் தொடங்கியபோது அது மெட்டல் குழுவே இல்லை, அமைதியான கிற்றார், கீபோர்ட், ஒரு குரல், அவ்வளவுதான் திட்டம். தார்யா தூருனென் பாடத் தொடங்கியதும் அந்தக் குரலுக்கு முன்னால் கிற்றார் தாங்கவில்லை. குரல் பெரிதாக இருந்ததால்தான் ட்ரம்ஸும் மின்கிற்றாரும் உள்ளே வந்தன. 1997ல் அல்பம் வந்தபோது தார்யாவுக்கு வயது 20. அதில் சில பாட்டுகளில் தூமஸும் வாய் திறந்து பாடியிருப்பார், பிறகு அந்த வேலையை விட்டுவிட்டார், கேட்டால் ஏன் என்று புரியும். ஒரு குழுவின் இசையே பாடகியின் தொண்டையின் அளவைப் பார்த்து மாறியிருக்கிறது, அதை விட்டுவிட்டு அவர் போட்ட கவுனைப் பற்றி எழுதினால் எப்படி?

சரி, இதற்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்பீர்கள். என் மகள் மிருதங்கம் படிக்கிறாள். போன வருடம் கொழும்பில் ஒரு மண்டபத்தில் வாய்ப்பாட்டுக்குப் பக்கவாத்தியம் வாசித்தாள். அறிவிப்பாளர் மேடையேறி, பெண் மிருதங்கக் கலைஞர், பெண் மிருதங்கக் கலைஞர் என்று மூன்று தரம் சொல்லி, சேலையின் மயில் கழுத்து நிறத்தைப் பாராட்டி, இந்தக் கையா அடிக்கிறது என்று சபையைச் சிரிக்க வைத்தார். தனியாவர்த்தனத்தில் அவள் கடைசிக் கோர்வையை, அதாவது முடிவில் வருகிற கணக்கான சொற்கட்டை, இம்மி பிசகாமல் கொண்டுவந்து சமத்தில், தாளம் தொடங்கும் அடியில், போட்டாள், அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. வீட்டுக்கு வரும்போது ஓட்டோவுக்குள் மிருதங்கத்தை மடியில் வைத்துக்கொண்டு, "அப்பா, அந்தக் கோர்வையை யாராவது கவனிச்சாங்களா?" என்று மட்டும் கேட்டாள். பெண் தலைமையிலான மெட்டல் என்று உங்கள் கட்டுரையில் திரும்பத் திரும்ப வந்தபோது எனக்கு அந்த அறிவிப்பாளரின் குரல்தான் காதில் விழுந்தது.

அவளுக்கும் நான்தான் இந்தக் குழுக்களைக் காட்டிக் கொடுத்தேன். ட்ரீம் தியேட்டர் என்கிற அமெரிக்க புரோகிரசிவ் மெட்டல் குழுவின் ஒரு பாட்டைப் போட்டுவிட்டுச் சாப்பாட்டு மேசையில் இருந்தோம். ஒரு கையில் சோறு, மற்றக் கையால் மேசையில் தட்டிக்கொண்டே இருந்தவள் நாலாவது சுற்றில் பிடித்துவிட்டாள்: தகிட தகதிமி, மூன்றும் நாலும் ஏழு, மிஸ்ர சாப்பு! அவர்கள் 1999ல் வெளியிட்ட அல்பத்தில் குரலே இல்லாத, ஆறு நிமிடம் சொச்சம் ஓடுகிற ஒரு உருப்படி இருக்கிறது, அதில் தாளக் கணக்கு நூறு தரத்துக்கு மேல் மாறும். அதற்கும் தட்டப் பார்த்து ஒரு நிமிடத்தில் கையைத் தூக்கிவிட்டாள். கீழ் வீட்டு அன்ரி, உங்கட வீட்டில் ஏதும் சண்டையோ என்று மறுநாள் கேட்டார், அது வேறு கதை.

நான் சொல்ல வருவது, இந்த இசையை அளக்கிற கோல் எங்கள் வீடுகளிலேயே கிடக்கிறது. யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியின் தவிலைக் கேட்டு வளர்ந்த சனத்துக்கு வேகமும் சத்தமும் இரைச்சலாகுமா? மெட்டல் வெள்ளைக்காரருக்கு மட்டும் எழுதி வைத்த சொத்தும் இல்லை. கொழும்பில் ஸ்டிக்மாட்டா என்கிற மெட்டல் குழு இருபது வருடத்துக்கு மேலாக வாசிக்கிறார்கள். இந்தோனேசியாவின் காருட் பகுதியிலிருந்து முக்காடு போட்ட மூன்று பெண் பிள்ளைகள், வொய்ஸ் ஒஃப் பாசெப்ரொட் என்று பெயர், 2023ல் முதல் அல்பம் போட்டு அடுத்த வருடம் இங்கிலாந்தின் கிளாஸ்டன்பரி விழாவில் ஏறினார்கள். அவர்களின் பாணி வேறு, பவர் மெட்டல் இல்லை, ஆனால் அவர்களைப் பற்றி எழுதும்போதும் முக்காட்டில் தொடங்கி முக்காட்டிலேயே முடிக்கிறவர்கள்தான் கூட.

ஆகவே அடுத்த தடவை இப்படியொரு முதல் அல்பத்தைப் பற்றி எழுதக் கொடுக்கும்போது, தாளம் போடத் தெரிந்த ஒருவரிடம் கொடுங்கள். எங்கே கணக்கு மாறுகிறது, எங்கே குரல் தடுமாறுகிறது, எந்தப் பாட்டு அலுக்கிறது என்று எழுதட்டும். மோசமாக இருந்தால் மோசம் என்றே எழுதட்டும். ஒன்வேர்ட்ஸ் வேண்டுமென்றால் என்னிடமுள்ள இறுவட்டைக் காரியாலயத்தில் கொண்டுவந்து தருகிறேன். ஒரு மாதத்துக்குள் திருப்பித் தந்துவிட வேண்டும், மச்சான் மார்கழியில் வருகிறான், வந்ததும் முதலில் அதைத்தான் கேட்பான்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
வெள்ளவத்தை, கொழும்பு 6.