காந்தாரம் இறங்கிய இடம்: அக்காவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள அக்கா,

அம்மாவின் முதல் ஆண்டுத் திதியன்று கூடத்தில் நடந்ததை நான் உனக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. பாடச் சொன்னார்கள். "என் பாட்டில் ஜீவன் இல்லை என்று தீர்ப்பாகி எத்தனையோ வருஷம் ஆயிற்று" என்று நீ சிரித்துக்கொண்டே சொன்னாய். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். தீர்ப்புச் சொன்னவன் யார் என்று கேட்க அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை. நீயும் என் பக்கம் திரும்பவில்லை. ஒருமுறை திரும்பியிருந்தால் இந்தக் கடிதத்துக்கு வேலை இருந்திருக்காது.

நீ அதை நாலு பேர் நடுவில் சொன்னதால் நானும் நாலு பேர் நடுவில்தான் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். அந்த நாலு பேரில் அத்தான் வீட்டாரும் இருப்பார்கள். ஆகவே, நீ பியானோ வகுப்பை விட்ட வருஷத்தில் நம் வீட்டில் வேறு என்னென்ன பேச்சு நடந்தது என்பதை இங்கே தொடமாட்டேன். அம்மா கடைசி மாதங்களில் என்னிடம் கேட்டதையும் நேரில்தான் சொல்வேன். அமெரிக்க ஜாஸ் பாடகி எல்லா ஃபிட்ஜெரால்டைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். "எல்லாப் பாட்டையும் இவளே பாடுகிறாள் என்பதால்தான் எல்லா என்று பெயரா?" என்று அம்மா அடுக்களையிலிருந்து கேட்பாளே, அந்த எல்லா.

1996 ஜூனில் அவர் இறந்த செய்தி பத்திரிகையில் வந்த வாரம் அது. இரவு கரண்ட் போய்விட, பாயைச் சுருட்டிக்கொண்டு மொட்டைமாடிக்கு வந்திருந்தோம். மூடி தொலைந்துபோய், பேட்டரி விழாமல் இருக்க ரப்பர் பேண்ட் சுற்றியிருந்த டேப் ரெக்கார்டர் உன் தலைமாட்டில் இருந்தது. உனக்குப் பியானோ சொல்லிக்கொடுத்த பொன்மலை ஆசிரியை தம் இசைத்தட்டுகளிலிருந்து பதிந்து கொடுத்த கேசட் ஓடிக்கொண்டிருந்தது. ‘எவ்ரி டைம் வி ஸே குட்பை’ பாதியில் இருக்கும்போது பேட்டரி இறங்கி, எல்லாவின் குரல் இழுபட்டு, ஆண் குரல்போலத் தடித்து நின்றது. நின்ற இடத்திலிருந்து நீ எடுத்துப் பாடினாய்.

அந்தப் பாட்டின் தொடக்கம் பெரும்பாலும் ஒரே சுரத்தில் நிற்பதையும், குரல் நகராமல் இருக்க அடியில் வாத்தியங்கள் மட்டும் நகர்வதையும் எனக்குக் காட்டியவள் நீதான். மேஜரிலிருந்து மைனருக்கு, அதாவது மேற்கத்திய இசையின் ஒரு சாயலிலிருந்து சற்றே துயரம் தோய்ந்த இன்னொன்றுக்கு, மாறும் விந்தையைப் பற்றி வரிகள் பேசும் இடத்தில் பாட்டை நிறுத்தி, "கேள், கீழே அந்தர காந்தாரம் சாதாரண காந்தாரமாக இறங்குகிறது. வார்த்தை எதைச் சொல்கிறதோ அதையே வாத்தியமும் செய்கிறது" என்று, உயர்ந்த ‘க’, அதைவிடச் சற்றுத் தாழ்ந்த ‘க’ என இரண்டு காந்தாரங்களையும் தனித்தனியே பாடிக் காட்டினாய். அமெரிக்க இசையமைப்பாளர் கோல் போர்ட்டர் 1944இல் எழுதிய ஒரு பாட்டை, இருட்டில், கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு. பிறகு மறுபடியும் முதலிலிருந்து பாடினாய். நடுவில் ஒரு வரி மறந்துபோய், சிரித்து, வாயில் வந்த ஒலிகளை வைத்து ஒப்பேற்றி முடித்தாய்.

அப்போதுதான் நான் சொன்னேன். "குரல் இருக்கிறது, ஜீவன் இல்லை. எல்லாவும் அப்படித்தான், துக்கத்தைக்கூடச் சிரித்துக்கொண்டே பாடுகிறாள். பில்லி ஹாலிடேதான் நிஜம்."

நீ பதில் சொல்லவில்லை. ரப்பர் பேண்டைக் கழற்றி நான்கு பேட்டரிகளையும் எடுத்தாய். காலை வெயிலில் கொஞ்சம் ஏறும் என்று அவற்றைக் கைப்பிடிச் சுவரின்மேல் வரிசையாக நிறுத்திவிட்டுக் கீழே போய்விட்டாய்.

எனக்கு அப்போது பதினேழு வயது. அந்த வாக்கியமும் என்னுடையது அன்று. நூலகத்தில் ஓர் ஆங்கிலப் பத்திரிகையில் படித்ததைத் தமிழாக்கி உன்மேல் எறிந்தேன். எல்லாவின் காலத்து இன்னொரு ஜாஸ் பாடகியான பில்லி ஹாலிடேயின் ஒரு பாட்டைக்கூட அன்றுவரை நான் கேட்டதில்லை. இதைச் சொன்னால் என் குற்றம் குறையும் என்று எண்ணித்தான் இந்தப் பத்தியைத் தொடங்கினேன். எழுதியபின் பார்த்தால் கூடித்தான் இருக்கிறது.

பில்லியைப் பின்னால் கேட்டேன். 1958இல் பதிவான ‘லேடி இன் சாட்டின்’ தொகுப்பில் அவர் குரல் கிழிந்துபோயிருக்கிறது. நாற்பத்திரண்டு வயதுக்காரியின் குரல் என்று நம்ப முடியாது. அடுத்த ஆண்டே இறந்துவிட்டார். இன்றும் அதைக் கேட்டால் எனக்குத் தொண்டை அடைக்கும். ஆனால் குரலின் காயத்தையே பாட்டின் உணர்ச்சி என்று நான் வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன். காயம் இல்லாத குரலைக் கேட்டால், இவளுக்கு ஒன்றும் தெரியாது என்று முடிவுகட்டிவிடுவேன்.

உனக்குத் தெரிந்ததை மற்றவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிராட்வே நாடகங்களுக்கும் ஹாலிவுட் படங்களுக்கும் எழுதப்பட்டு, அந்த மேடையும் படமும் மறந்துபோன பின்னும் பாடகர்கள் கைவிடாத பாட்டுகளை ‘ஸ்டாண்டர்ட்’ என்பார்கள். நார்மன் கிரான்ஸ் 1956இல் ‘வெர்வ்’ இசைத்தட்டு நிறுவனத்தைத் தொடங்கி, அந்தப் பாட்டுகளை ஆசிரியர்வாரியாக எல்லாவைப் பாட வைத்தார். கோல் போர்ட்டரின் 32 பாட்டுகளில் தொடங்கி 1964இல் ஜானி மெர்சர் வரை எட்டுத் தொகுப்புகள். ஜார்ஜ், ஐரா கெர்ஷ்வின் சகோதரர்களுக்கு மட்டும் ஐந்து எல்.பி. தட்டுகள். இந்தப் பாட்டுகள் பலவற்றுக்கு முன்னால் பேச்சும் பாட்டும் கலந்த ஒரு முகப்பு உண்டு. நாடகக் காட்சியோடு ஒட்டிய பகுதி என்று பலரும் அதை வெட்டிவிடுவார்கள். எல்லா பல பாட்டுகளில் அதை முழுசாகப் பாடினார். நம் பழைய சினிமாப் பாட்டுக்கு முன்னால் வருமே, அதைப்போல "இது அவர்கள் தொகையறா" என்று பெயர் வைத்தவள் நீ. இன்றுவரை எனக்கு வேறு பெயர் வாயில் வருவதில்லை.

‘பட் நாட் ஃபார் மி’ என்ற பாட்டை எல்லா 1950இல் எல்லிஸ் லார்கின்ஸின் பியானோவை மட்டும் துணையாக வைத்துப் பாடினார். 1959இல் நெல்சன் ரிடிலின் இசைக்குழுவோடு மறுபடி பாடினார். போன மாதம் இரண்டையும் அடுத்தடுத்துப் பல இரவுகள் கேட்டேன். முந்தையதில் குரல் மெலிந்திருக்கிறது. பிந்தையதில் கனத்து இறங்கியிருக்கிறது. இரண்டிலும் அவர் அழவில்லை. ஏன் அழவேண்டும்? ஐரா கெர்ஷ்வின் எழுதிய வரிகளே தன்னைத் தானே கேலி செய்துகொள்ளும் ஒருத்தியின் பேச்சு: உலகத்தில் காதல் பாட்டுகள் எவ்வளவோ இருக்கின்றன, எனக்குத்தான் ஒன்றும் இல்லை என்கிறாள். அதில் ஒரு விம்மலைச் சேர்த்தால் கேலி போய்விடும், கேலி போனால் அவள் தன்மானமும் போய்விடும். எல்லா ஒவ்வொரு எழுத்தையும் சுத்தமாக உச்சரித்து, அந்தப் பெண்ணை அவள் போக்கில் சிரிக்க விடுகிறார். நான் குறை என்று சொன்ன அந்தச் சிரிப்பைப் பாட்டாசிரியரே எழுதி வைத்திருக்கிறார். தங்கள் பாட்டுகள் இவ்வளவு நல்லவை என்று எல்லா பாடிக் கேட்கும்வரை தெரியாது என்று ஐரா சொன்னதாகச் சொல்வார்கள். அதை முகஸ்துதி என்று நான் எண்ணியதும் உண்டு.

எல்லா ஃபிட்ஜெரால்ட் பட்ட பாட்டை இங்கே சாட்சிக்கு அழைக்கலாம். பதினைந்து வயதில் தாயை இழந்தார், சீர்திருத்தப் பள்ளியில் அடைபட்டார், தெருவில் திரிந்த நாளில் 1934 நவம்பரில் ஹார்லெமின் அப்பல்லோ அரங்கில் நடனமாட வந்து, கடைசி நேரத்தில் மனம் மாறிப் பாடினார். ஆனால் துயரத்தைக் காட்டிப் பாட்டுக்கு மதிப்பெண் வாங்கித் தருவது மறுபடி அதே பதினேழு வயதுப் புத்திதான். அந்த நாட்களைப் பற்றி அவரே அதிகம் பேசியதில்லை. எனக்கு அந்தக் காந்தாரம் இறங்கும் இடம் போதும். அங்கே இசைக்குழு மைனருக்குப் போகிறது; எல்லா தம் பங்குக்கு அதில் எதையும் கூட்டுவதில்லை. நீயும் அன்று கூட்டவில்லை.

வரி மறந்து சிரித்தாயே, அதையும் உன் கணக்கில் குற்றமாக எழுதினேன். 1960 பிப்ரவரியில் பெர்லின் மேடையில் ‘மேக் த நைஃப்’ பாடும்போது எல்லாவுக்கும் வரிகள் மறந்துபோயின. மறந்துபோனதையே பாட்டாக்கி, நடுவில் ஜாஸ் பாடகர் லூயி ஆம்ஸ்ட்ராங் குரலில் பேசிக்காட்டி, கரை சேர்ந்தார். அதற்குக் கிராமி விருது கொடுத்தார்கள். உனக்கு நான் கொடுத்ததை இருவரும் அறிவோம்.

அதற்காக ஒருத்தி பாட்டையே விட்டுவிடுவாளா, அக்கா? மீசை முளைக்காத ஒரு பையன் சொன்ன ஒரு வாக்கியத்துக்காகவா? நீ விட்டதற்கு வேறு காரணங்கள் இருந்தன. அவற்றைச் சொல்ல முடியாத இடங்களிலெல்லாம் என் வாக்கியம் உனக்கு வசதியாக இருந்தது. இத்தனை வருஷம் அதைப் பத்திரமாக வைத்திருந்து, அம்மா படத்துக்கு முன்னால் எடுத்துக் காட்டினாய். அச்சில் வந்த என் முதல் கட்டுரையைப் படித்துவிட்டு நீ சொன்னதை நான் எங்கேயாவது சொல்லியிருக்கிறேனா? இந்தப் பத்தியை எடுத்துவிடலாம் என்றுதான் தோன்றுகிறது. இருக்கட்டும்.

உன் குரலில் ஜீவன் இருந்தது. அதைக் கேட்கும் காது எனக்கு அன்று இல்லை. இதை அன்றே, மறுநாள் காலையிலேயே சொல்லியிருக்கலாம். மறுநாள் சாயங்காலம் மாடிக்குப் போனபோது நான்கு பேட்டரிகளும் நீ நிறுத்தியபடியே நின்றன. எடுத்தால் கை சுட்டது. நான்தான் அவற்றை உள்ளே போட்டு ரப்பர் பேண்டை மாட்டினேன். கேசட் விட்ட இடத்திலிருந்து ஓடி அந்தப் பாட்டு முடிந்தது. படிக்கட்டுவரை கேட்கும்படி சத்தத்தைக் கூட்டி வைத்தேன். நீ வரவில்லை, நானும் கூப்பிடவில்லை.

உன் தம்பி